கண் வரைகிறவளுக்குத் தகுதி போதாதாம்

நுண்கலைப் பட்டம் வாங்கியவர்களிடம் இந்த உலகம் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். "அது சரிங்க, பொழைப்புக்கு என்ன பண்றீங்க?" சும்மா உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டாலாவது ஒரு நியாயம் இருக்கிறது. மும்முரமாக வேலை பார்த்துக்கொண்டிருப்பவரிடமும் கூசாமல் கேட்பார்கள். ஒரு பெரிய கண் மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து, பதினோரு வருடமாகக் கண் போனவர்களுக்குச் செயற்கைக் கண் செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஒருத்தியிடம், அதே மருத்துவமனைக்காரர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். வாயால்கூடக் கேட்கவில்லை. நோட்டீஸ் அடித்து ஒட்டிக் கேட்டார்கள்.

அங்கே எல்லோரும் அவளைப் பெயிண்டரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்த புண்ணியவான் வாசல் வாட்ச்மேன். வேலையில் சேர வந்த முதல் நாள், "பெயிண்ட் பண்ற வேலைக்கு வந்திருக்கேன்" என்று அவள் சொன்னதும், அவர் ரொம்ப மரியாதையாகக் கட்டடத்துக்குப் பின்னால் அழைத்துப்போய் ஏணியையும் சுண்ணாம்பு வாளியையும் காட்டினார். ஆள் நல்லவர், விஷயம் புரிந்ததும் மன்னிப்புக் கேட்டார். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அதைவிட மோசமானதை எல்லாம் அவள் அதற்கு முன்பே கேட்டிருந்தாள்.

அவள் ஓவியம் படிக்கப் போனபோது, அவளுடைய அண்ணன் சொந்தக்காரர்களிடம் "தங்கச்சி டிகிரி படிக்குது" என்று சொல்வான். என்ன டிகிரி என்பதை எச்சிலோடு சேர்த்து விழுங்கிவிடுவான். கடைசி வருடம் கல்லூரியில் வேலைவாய்ப்பு வழிகாட்டிக் கூட்டம் என்று ஒன்று வைத்தார்கள். கோட்டுப் போட்ட ஒருவர் வந்தார். வந்ததும் வராததுமாக அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்கள்ல எத்தனை பேர் வேற சீட் கிடைக்காம இங்க வந்து சேர்ந்தீங்க?" கேட்டுவிட்டு அவரே சிரித்தார். அவர் சிரிக்கிறாரே என்று முதல்வரும் சிரித்தார். இவளுக்குச் சுருக்கென்றது. எழுந்து நின்று, தனக்கு அறிவியல் படிப்பில் இடம் கிடைத்ததையும் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இங்கே வந்ததையும் சொன்னாள். கோட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, திரையில் காட்டிக்கொண்டிருந்த அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

படத்தில் பதினான்கு வகை வேலைகள் இருந்தன. ஓவிய ஆசிரியர், விளம்பர வடிவமைப்பாளர், கார்ட்டூன் படம் செய்பவர், துணிகளுக்கு டிசைன் போடுபவர், அருங்காட்சியகத்தில் பழைய படங்களைச் செப்பனிடுபவர், இப்படி வரிசையாக. பொய் ஒன்றும் இல்லை, அந்த வேலைகள் எல்லாம் இருக்கத்தான் செய்கின்றன. அங்கே போனால் என்ன செய்யச் சொல்வார்கள் என்பதைத்தான் அந்த மகராசன் சொல்லவில்லை.

அவள் முதலில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. வாரத்துக்கு ஒரு வகுப்பு, அதையும் கணக்கு ஆசிரியர் "போர்ஷன் முடியல" என்று வாங்கிக்கொள்வார். மீதி நேரமெல்லாம் அவள் செய்தது, மற்ற ஆசிரியைகளுக்கு சார்ட் எழுதித் தருவது, ஆண்டு விழாவுக்கு அட்டையில் கோட்டை கட்டுவது, தலைமையாசிரியரின் மகன் வீட்டுப்பாடத்துக்குத் தவளை வரைவது. அடுத்து ஒரு விளம்பரக் கம்பெனி. அங்கே இரண்டு வருடம், "இதை இன்னும் கொஞ்சம் பெருசாக்குங்க, அதை இன்னும் கொஞ்சம் இடது பக்கம் தள்ளுங்க" என்பதைத் தவிர வேறு பேச்சே அவள் காதில் விழவில்லை. கடைசியில் எல்லாம் பெரிதாகி இடது பக்கம் போய் நிற்கும்போது, "முதல்ல போட்டதே நல்லா இருந்துச்சே" என்பார்கள். அதை விட்டுவிட்டு ஒரு பொம்மைத் தொழிற்சாலை. பொம்மைக்குக் கண் எழுத வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு கண், எல்லாம் ஒரே நீலம், ஒரே முழி.

சொந்தக்காரர்களைக் கேட்கவே வேண்டாம். "நீ சும்மாதானே இருக்கே, எங்க ஹாலுக்கு ஒரு படம் போட்டுக் குடேன்" என்பார்கள். வீட்டில் பல் டாக்டர் ஒருவர் இருந்தால், சும்மாதானே இருக்கீங்க, இந்தக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிடுங்கள் என்று யாராவது கேட்பார்களா? வரைகிறவள் என்றால் மட்டும் கிள்ளுக்கீரை.

பொம்மைக் கம்பெனியில் இருக்கும்போதுதான் அந்த மருத்துவமனை விளம்பரத்தைப் பார்த்தாள். செயற்கைக் கண் பிரிவுக்குத் தற்காலிக உதவியாளர் தேவை, வரையத் தெரிந்திருந்தால் நல்லது என்று போட்டிருந்தது. கண் எழுதிச் சலித்துப்போனவள், இன்னொரு கண் வேலைக்கா என்று முதலில் யோசித்தாள். போய்ப் பார்த்தபோது நோயாளியாக வந்திருந்த ஒரு பெண்மணி அவளெதிரே உட்கார்ந்து, மூடியிருந்த கைக்குட்டையை விலக்கினாள். ஒரு பக்கம் உயிருள்ள கண், இன்னொரு பக்கம் வெறும் குழி. அந்த உயிருள்ள கண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து அதேபோல் இன்னொன்றைச் செய்ய வேண்டும் என்றார்கள். நாலு வருடம் உருவ ஓவியம் படித்தது இதற்குத்தானே என்று அவளுக்கு அந்த நிமிடமே தோன்றிவிட்டது. கோட்டுக்காரர் காட்டிய பதினான்கில் இந்த வேலை இல்லை.

வேலை இப்படித்தான். முதலில் கண் குழியை அச்செடுக்க வேண்டும். அந்த அளவுக்கு வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒரு கிண்ணி வார்க்க வேண்டும். அதன் நடுவில் பதிக்கிற கருவிழியை, சின்னச் சட்டைப் பொத்தான் அளவுள்ள கறுப்பு வில்லையில் பிரஷ்ஷால் வரைய வேண்டும். சிவப்பு நூலைப் பிரித்துப் பிரித்து, மயிரிழையைவிட மெல்லிசாக எடுத்து வெள்ளையில் ஒட்டினால் அது ரத்த நரம்பு. கடைசியில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கை மேலே வார்த்து மெருகேற்ற வேண்டும். எல்லாவற்றிலும் உயிர்நாடி கருவிழியின் நிறம். கறுப்புக் கண் என்று நாம் வாய்க்கு வந்தபடி சொல்கிறோம். எந்தக் கண்ணும் கறுப்பு இல்லை. உள்வட்டத்தில் கொஞ்சம் தேன், அதைச் சுற்றிக் காவி, ஓரத்தில் நீலம் கலந்த சாம்பல் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு.

அவள் வரைந்த முதல் கண்ணே கழுத்தை அறுத்துவிட்டது. டியூப் லைட் வெளிச்சத்தில் ராத்திரி பகலாக உட்கார்ந்து வரைந்தாள், அச்சு அசல் என்று எல்லோரும் மெச்சினார்கள். பொருத்திக்கொண்டு போன பெரியவர் மறுநாளே திரும்பி வந்தார். வெயிலில் போய் நின்றதும் ஒரு கண் பழுப்பாகவும் இன்னொரு கண் பாசிப் பச்சையாகவும் இருந்ததாம். பேரப் பிள்ளை அவரைப் பார்த்து அலறிவிட்டானாம். பெயிண்டுக்கு இந்தக் குணம் உண்டு. ஒரு விளக்கின் கீழ் தோலோடும் கண்ணோடும் ஒத்துப்போகிற கலவை, வெளிச்சம் மாறினால் காலை வாரிவிடும். அன்றிலிருந்து அவள் ஜன்னல் வெளிச்சத்தில்தான் நிறம் கலப்பாள். காலை பத்திலிருந்து இரண்டு மணி வரை. மேகம் போட்டால் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு மெருகு போடப் போய்விடுவாள். மனிதர்கள் வெளிச்சத்தில்தான் நடமாடுகிறார்கள், வெளிச்சத்தில்தான் பார்க்கப்படுகிறார்கள் என்பது அவள் கட்சி.

பதினோரு வருடம் இப்படி ஓடியது. தற்காலிகம் என்று சேர்த்தவர்கள், வருடத்துக்கு ஒரு முறை ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டே வந்தார்கள். ஒரு வழியாக அந்த வேலையை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று சேதி வந்தது. வீட்டில் அவள் கணவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவன் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். முதுகு பிடித்துக்கொண்டு மாதத்தில் பாதி நாள் படுத்துவிடுவான். இந்த வேலை நிலைத்தால்தான் வீடு நிலைக்கும் என்ற நிலைமை.

நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டிய அன்று போய்ப் படித்தாள். செயற்கைக் கண் தொழில்நுட்பர், நிரந்தரப் பணியிடம் ஒன்று. கல்வித் தகுதி, அறிவியல் பட்டம். இரண்டு தடவை படித்தாள். பக்கத்தில் வேறு தாள் ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள்.

நேரே நிர்வாக அதிகாரியிடம் போனாள். அவர் வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. தும்மினாலும் ஒரு சுற்றறிக்கை விடுவார் என்பதால் அவருக்கு அங்கே சுற்றறிக்கை என்றே பெயர். ஏ.சி. அறை, ஜன்னலுக்கெல்லாம் கனத்த திரை. அவர் கோபப்படவே இல்லை, அதுதான் கொடுமை. கோபப்பட்டாலாவது திருப்பிச் சண்டை போடலாம்.

"நீங்க நல்லா வேலை செய்றீங்க, நான் இல்லைன்னு சொல்லலம்மா," என்றார். "ஆனா நீங்க படிச்சது இதுக்குச் சம்பந்தமில்லாத படிப்பா இருக்கே."

"கண்ணை வரையுற வேலைக்கு, வரையுறதுக்குப் படிச்ச படிப்பு சம்பந்தமில்லாததா சார்?"

"தகுதிப் பட்டியல்ல இல்லம்மா. நான் என்ன பண்ண முடியும்?"

பட்டியலைப் போட்டது யார் என்று கேட்டாள். அவர்தான். ஆனால் போட்டுவிட்ட பிறகு அது பட்டியலாகிவிட்டதாம், அவரே தொட முடியாதாம். எப்படி இருக்கிறது நியாயம்! பிரிவின் தலைமை டாக்டரம்மா சத்தம் போட்ட பிறகு, போனால் போகிறது என்று ஒரு வழி செய்தார். அறிவியல் பட்டம் இல்லாவிட்டாலும் செய்முறைத் தேர்வில் உட்கார அவளுக்கு அனுமதி. தேர்வில் முதலில் வந்தால் பார்க்கலாம். வராவிட்டால் மாதக் கடைசியோடு ஒப்பந்தம் முடிகிறது. அவள் செய்துகொண்டிருந்த வேலையை அவளுக்குச் செய்யத் தெரியுமா என்று அவளிடமே பரீட்சை வைத்தார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றாள்.

அவளோடு போட்டி போட வந்தது ஒரே ஒருவன், மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த இயற்பியல் பட்டதாரி. பூனை மாதிரிப் பையன், எல்லோரையும் மேடம் சார் என்பான். அவன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. வேலை என்று போட்டிருந்தார்கள், விண்ணப்பித்திருக்கிறான், அவ்வளவுதானே.

நோயாளியாகத் தேர்ந்தெடுத்தது ஒரு பஸ் கண்டக்டரம்மாவை. பஸ்ஸின் கண்ணாடி உடைந்து தெறித்து இடது கண் போய்விட்டது. மூன்று வாரம் முன்பு அச்செடுக்க வந்தபோது பெயிண்டரக்காவின் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு கண்ணோடு திரும்ப வேலைக்குப் போனால் பயணிகள் தன் முகத்தைப் பார்க்காமல் டிக்கெட்டை வாங்கிக்கொள்வதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனவள். "நேருக்கு நேர் பாத்து, எங்க இறங்கணும்னு ஒருத்தர் கேட்டா போதும்கா," என்றாள். அவளுடைய நல்ல கண்ணின் நிறத்தை அன்றைக்கே பெயிண்டரக்கா நன்றாகப் பார்த்து வைத்திருந்தாள்.

தேர்வு விதிகள் ஒரு பக்கத்துக்கு வந்தன. இரண்டு பேரும் மூன்று மணி நேரத்தில் கருவிழி வரைய வேண்டும். குழு பார்த்து மதிப்பெண் போடும். தேர்வாகும் கருவிழியை நோயாளிக்கே பொருத்துவார்கள், மற்றதை உறையில் போட்டு முத்திரை வைப்பார்கள். நியமனம் முடியும்வரை போட்டியாளர்கள் நோயாளியிடம் தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. இடம், நிர்வாகக் கட்டடத்தின் கூட்ட அரங்கு. அரங்கில் ஒரு ஜன்னலும் இல்லை.

அவள் திரும்பவும் சுற்றறிக்கையிடம் ஓடினாள். சார், டியூப் லைட்டில் நிறம் ஒத்துப்போகாது, தன் அறையில் வைக்கட்டும், வராந்தாவில் வைத்தாலும் போதும் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். உங்கள் அறையில் வைத்தால் உங்களுக்குச் சாதகம் என்று நாளைக்கு யாராவது புகார் எழுதுவார்கள், வராந்தாவில் மேகம் வரும் போகும், எல்லோருக்கும் ஒரே மாதிரி வெளிச்சம் வேண்டும் என்றார். நியாயத்துக்காகத்தான் இந்த ஏற்பாடு என்று அவர் மனதார நம்பினார். இந்த மாதிரி நியாயவான்களிடம் மாட்டிக்கொண்டால் மீள்வது ரொம்பக் கஷ்டம்.

அன்று சாயங்காலம் கணவன் படுத்தபடியே ஒரு யோசனை சொன்னான். "அவங்க லைட்டுக்கு எது சரியோ அதையே போட்டுட்டு வந்துடு. வேலை கைக்கு வரட்டும். அப்புறமா அந்தம்மாவுக்கு நல்லதா ஒண்ணு செஞ்சு குடுத்தா போச்சு."

யோசனையில் தப்புச் சொல்ல முடியாது. டியூப் லைட்டுக்கு ஏற்ற மாதிரி வரைவது அவளுக்கு இடது கை வேலை. கொஞ்சம் பச்சை ஏற்றி, காவியைக் குறைத்தால் முடிந்தது. அப்படியே செய்துவிடலாம் என்றுதான் அரங்குக்குள் போனாள்.

குழுவில் மொத்தம் ஐந்து பேர். தலைமை டாக்டரம்மா வெளியூர் மாநாட்டுக்குப் போயிருந்தார். மிச்சமிருந்த நாலு பேரில் ஒருவருக்கும் பிரஷ்ஷின் தலை எது கால் எது என்று தெரியாது. கண்டக்டரம்மா நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பையன் எண் போட்ட நிற அட்டையை அவள் கண்ணோரம் பிடித்துப் பிடித்துப் பார்த்து, பதினேழாம் நம்பர் என்று முடிவு செய்து, ஒழுங்காக வரைய ஆரம்பித்தான். பெயிண்டரக்கா பிரஷ்ஷை எடுத்தாள். பச்சையை வழித்தாள், வில்லைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். கை நகரவில்லை. இதை வரைந்து வேலை வாங்கினால், விளக்கின் கீழ் வரைந்த கண்ணும் கண்தான் என்று அவளே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். நாளைக்கு ஜன்னல் வேண்டும் என்று எந்த முகத்தோடு கேட்பாள்? அதைவிட, எதிரே உட்கார்ந்திருக்கிறவள் இந்தக் கண்ணோடுதானே வாசலைத் தாண்டி வெயிலுக்குப் போவாள். பச்சையைத் துடைத்தாள். ஜன்னலோரம் பார்த்த நிறத்தை மனதில் வைத்துக்கொண்டு, தேனும் காவியும் சாம்பலுமாக வரைந்து முடித்தாள். மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தாள். பிளாஸ்டிக் வார்த்த பிறகு எப்படி இருக்கும் என்று அதில் தெரியும். சரியாக வந்திருந்தது.

அந்த அரங்கு வெளிச்சத்தில் அது செக்கச் செவேல் என்று இருந்தது. பையனுடையது அப்படியே ஒத்துப்போனது. குழுவில் ஒருவர் அவள் வரைந்ததைக் கையில் வைத்துக்கொண்டு, "பதினொரு வருஷ அனுபவம்னு சொன்னாங்களே" என்று பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது. தோளைக் குலுக்கிக்கொண்டார்கள், மதிப்பெண் போட்டார்கள். பையன் முதல், அவள் இரண்டாவது.

இரண்டு பேர் எழுதிய பரீட்சையில் இரண்டாவது. இதைவிடப் பெரிய அவமானம் உண்டா? உண்டு. பையனுக்கு இன்னும் நியமன உத்தரவு வரவில்லை, வார்க்கவும் மெருகேற்றவும் அவனுக்குத் தெரியாது. அதனால் அவன் வரைந்த கருவிழியை வெள்ளையில் பதித்துக் கண்ணாக்கித் தரும் வேலை அவள் மேசைக்கே வந்தது. அவள் அதை ஜன்னலில் பிடித்துப் பார்த்தாள். பாசிப் பச்சை. உடனே ஒரு தாளில், பகல் வெளிச்சத்தில் இது நோயாளியின் கண்ணோடு பொருந்தாது என்று எழுதி அனுப்பினாள். குழுவின் முடிவே இறுதியானது என்று அதே தாளின் அடியில் எழுதித் திரும்ப வந்தது.

கண்டக்டரம்மாவுக்குக் கண்ணைப் பொருத்தியது கூட்ட அரங்கில்தான், ஆண்டறிக்கைக்குப் படம் எடுக்க வேண்டும் என்று. கண்ணாடியில் பார்த்து அந்த அம்மாள் அழுதாள், பெயிண்டரக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆனால் பேசக் கூடாது என்று விதி. பேசினால் மாதக் கடைசிவரைகூட இல்லாமல் அன்றைக்கே ஒரேயடியாக வெளியே. அவள் வாயை மூடிக்கொண்டு நின்றாள். மற்றவர்கள்மேல் வந்த கோபமெல்லாம் பிறகு ஆறிப்போனது. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்ற தன்மேல் வந்த கோபம் மட்டும் அவளுக்கு ஆறவே இல்லை.

மறுநாள் காலை பத்தரை மணிக்குக் கண்டக்டரம்மா மூன்றாவது மாடிக்கு வந்தாள். வேலை உடுப்பில் இருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். ஒரு கண் பழுப்பு, ஒரு கண் பச்சை.

"காலைல முதல் டிரிப்லயே ஒரு பொண்ணு பாத்துட்டுச் சிரிச்சுதுகா," என்றாள். "முன்னாடியாவது பரிதாபமா பாத்தாங்க. இப்ப சிரிக்கிறாங்க. நீங்கதானே செஞ்சீங்க, ஏன் என்கிட்ட சொல்லல?"

அதற்குமேல் பெயிண்டரக்காவால் பொறுக்க முடியவில்லை. விதியாவது மண்ணாங்கட்டியாவது என்று எல்லாவற்றையும் சொன்னாள். அரங்கைச் சொன்னாள், டியூப் லைட்டைச் சொன்னாள், உறைக்குள் முத்திரை வைத்துக் கிடக்கிற இன்னொரு கருவிழியைச் சொன்னாள். தான் பேசாமல் நின்றதையும் மறைக்காமல் சொன்னாள். கண்டக்டரம்மா முழுதும் கேட்டுவிட்டு, வாங்க போகலாம் என்று முன்னால் நடந்தாள். பஸ்ஸில் அறுபது பேரை அதட்டி உள்ளே தள்ளிப் பழகியவள். நிர்வாக அதிகாரியின் அறைக்கு வெளியே இருந்த உதவியாளர் தடுத்ததை அவள் கண்டுகொள்ளவே இல்லை.

சுற்றறிக்கை அப்போதும் கோபப்படவில்லை. நோயாளியிடம் பேசியது விதிமீறல் என்று பெயிண்டரக்காவிடம் சொன்னார். கண்டக்டரம்மாவை விளக்குக்கு நேரே நிற்கச் சொல்லிப் பார்த்தார். நன்றாகத்தானே இருக்கிறது என்றார். உறையில் இருப்பது தேர்வு ஆவணம், நியமனம் முடியும்வரை பிரிக்க முடியாது, வேண்டுமானால் மனு எழுதிக் கொடுங்கள் என்றார்.

கண்டக்டரம்மா நின்ற இடத்திலேயே குனிந்தாள். கீழிமையை விரலால் அழுத்தி, அந்தக் கண்ணைக் கழற்றினாள். முந்தானையில் துடைத்து, அவர் மேசைமேல், திறந்திருந்த ஃபைலுக்கு நடுவில் வைத்தாள். அது அவரையே பார்த்துக்கொண்டு கிடந்தது.

"இதை நீங்களே வெச்சுக்குங்க சார். உங்க ரூமுக்குத்தான் இது பொருத்தமா இருக்கு. நான் வெளிய வேலை பாக்குறவ."

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். அந்தக் கண்ணைத் தொடவும் அவருக்குத் தைரியம் இல்லை, எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. கண்டக்டரம்மா ஒரு பக்கம் குழியோடு அவரை நேருக்கு நேர் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். முத்திரை உறை பத்து நிமிடத்தில் வந்தது. மூன்று பேரும் வாசலுக்குப் போனார்கள். வெயிலில் பெயிண்டரக்கா அந்த வில்லையை எடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, கண்டக்டரம்மாவின் நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தாள். எது எது என்று தெரியவில்லை. வாட்ச்மேன்கூட எட்டிப் பார்த்துவிட்டு, "அடேயப்பா" என்றார். சுற்றறிக்கை உள்ளே போய்விட்டார்.

அந்தக் கருவிழியைப் பதித்து நாலு நாளில் கண்ணாக்கிக் கொடுத்தாள். தேர்வு ரத்தாகி, பகலில் வராந்தாவில் மறுபடியும் நடந்தது. மாநாட்டிலிருந்து திரும்பியிருந்த தலைமை டாக்டரம்மாவே முன்னால் நின்று நடத்தினார். இந்தத் தடவை பெயிண்டரக்கா முதல், பையன் இரண்டாவது. அவன் அவளிடம் வந்து, அட்டையில் இருக்கிற நம்பரெல்லாம் வெயிலில் பொய் சொல்லும் என்று யாரும் தனக்குச் சொல்லித் தரவில்லையே மேடம் என்று வருத்தப்பட்டுவிட்டுக் கண்ணாடிக் கடைக்கே திரும்பிப் போனான்.

இதோடு கதை சுபமாக முடிந்திருக்க வேண்டும். நியமன உத்தரவு வந்தது. ஒப்பந்தம் முடிய இரண்டு நாள் இருந்தது. கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள். பேனாவைத் திறந்தவள், நடுவில் ஒரு வரியில் நின்றுவிட்டாள். உரிய கல்வித் தகுதி இல்லாத போதிலும் சிறப்புச் சலுகை அளித்து இவரை நியமிக்கலாகிறது என்று போட்டிருந்தது.

சலுகையாம். பதினோரு வருடம், நானூற்றுச் சொச்சம் கண், ஒன்றுக்கு இரண்டாகப் பரீட்சை, அதற்கப்புறமும் சலுகையாம். பேனாவை மூடி வைத்தாள். அலுவலகத்து எழுத்தர் பதறிவிட்டார், போட்டுவிட்டுப் போங்கள் அக்கா, மறுபடி டைப் அடிக்க வேண்டுமென்றால் ஃபைல் மேலே போய் வர வேண்டும், அதற்குள் யார் மனது எப்படி மாறுமோ என்றார். அவள் உத்தரவைக் கையில் எடுத்துக்கொண்டு திரை போட்ட அந்த அறைக்குள் போனாள்.

"எனக்கு யாரும் சலுகை குடுக்கல சார்," என்றாள். "நாளைக்கு எங்க காலேஜ்ல படிச்ச ஒரு பொண்ணு இந்த வேலைக்கு வந்தா, அவளும் உங்ககிட்ட சலுகை கேட்டுத்தான் நிக்கணுமா? இந்த வரியை எடுங்க. பட்டியல்ல எங்க படிப்பைச் சேருங்க. அப்புறம் கையெழுத்துப் போடறேன்."

முடியாது என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். இரண்டு நாளில் ஒப்பந்தம் முடிந்தது. அவள் வீட்டில் உட்கார்ந்தாள். அண்ணன் வந்து, ஒரு வரிக்காக யாராவது நிரந்தர வேலையை உதறுவார்களா, உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா என்று வாய்க்கு வந்தபடி கத்திவிட்டுப் போனான். கணவன் முதுகைப் பிடித்துக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பிப் போனான். அவன் நடந்து போகிற விதத்தைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உண்மையாகவே பயம் வந்தது. பயந்தாள், ஆனால் போய்க் கையெழுத்துப் போடவில்லை. மூன்றாவது மாடியில் நோயாளிகள் வந்து வந்து திரும்பிப் போனார்கள். கண்டக்டரம்மா தன் பஸ்ஸில் ஏறுகிற மருத்துவமனை ஆட்கள் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் விஷயத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். தலைமை டாக்டரம்மா மேலிடத்துக்கு எழுதினார்.

பதினாறாவது நாள் வரச் சொல்லி ஆள் வந்தது. நோட்டீஸ் போர்டில் புதுச் சுற்றறிக்கை ஒட்டியிருந்தது. கல்வித் தகுதி, அறிவியல் பட்டம் அல்லது நுண்கலைப் பட்டம். அவள் நின்று நிதானமாகப் படித்தாள். உள்ளே புது உத்தரவு தயாராக இருந்தது, அதில் அந்த வரி இல்லை. நிர்வாக அதிகாரி தானே பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"இப்ப திருப்திதானேம்மா?" என்றார்.

"பதினோரு வருஷம் லேட் சார்," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.